பரிவட்டமாகிப் போன ஹெட்போன்

ஒலிப்பதிவுக்கும் டிஜே வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே,

சின்னமனூர் ஸ்டுடியோவை மூடிவிட்டு நான் வீட்டோடு உட்கார்ந்த பிறகும் உங்களில் யாராவது போன் செய்துகொண்டேதான் இருக்கிறீர்கள். அண்ணன் உடம்பு எப்படி, சர்க்கரை எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்த ஹெட்போன் வாங்கலாம்?" நான் பதிலுக்கு, "யார் காதுக்கு?" என்பேன்.  அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டி, மரியாதையாகப் போனை வைத்துவிடுவீர்கள்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என்னிடம் இரண்டு ஹெட்போன்கள் இருந்தன. இரண்டும் அதனதன் வேலையில் கெட்டிக்கார ஹெட்போன்கள். அவை இடம் மாறியதால் ஒரு பெண்ணின் பிழைப்பே போகப் பார்த்தது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. சுவரெல்லாம் பழைய ஜமுக்காளம். பாட வருகிறவர்கள் முதலில் உர வாசனைக்குத் தும்மி முடிப்பார்கள், அப்புறம் பாடுவார்கள். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் சுற்றுப்பட்டு ஊர்களில் திருவிழாவுக்குத் தங்கள் அம்மன் பேரில் சிடி போடுவது பெருமையாக இருந்தது. அந்த வேலை என்னுடையது. கல்யாண வீட்டு டிஜே வேலை என் கூட்டாளி தங்கபாண்டியுடையது. நான் பாட்டைச் செய்வேன், அவர் பாட்டைப் போடுவார். யார் பெரிய ஆள் என்பதில் எங்களுக்குள் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

தங்கபாண்டியின் ஹெட்போன் கறுப்பு நிறம், ஓரமெல்லாம் வெள்ளிப் பூச்சு, ஒவ்வொரு கிண்ணமும் பாதித் தேங்காய் அளவு. மாட்டினால் காதை இறுக்கி அடைத்துக்கொள்ளும். அடித்தொனி, அதாவது பேஸ், நெஞ்சில் வந்து இடிக்கும். டிஜேவுக்கு அதுதான் வேண்டும். மண்டபத்தில் மேளமும் ஜெனரேட்டரும் குழந்தைகளும் போடுகிற கூச்சலுக்கு நடுவே, அடுத்த பாட்டின் தாளம் எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே இனிமையைத் தேடினால் ஆகாது, இடிதான் வேண்டும்.

ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. தங்கபாண்டி இரண்டு காதையும் மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, ஆடிக்கொண்டே பாட்டுப் போட்டிருக்கிறார். நடுவில் மண்டபத்தில் கரண்ட் போனது. ஸ்பீக்கர் எல்லாம் செத்துவிட்டது. அவருடைய பாட்டுப் பெட்டிக்கும் மிக்சருக்கும் மட்டும் பேட்டரி இருந்ததால் அவர் காதில் கச்சேரி தொடர்ந்தது. மொத்த மண்டபமும் விசிறிக்கொண்டு இவரையே வேடிக்கை பார்த்திருக்கிறது. பெண்ணின் தாய்மாமன் வந்து தோளைத் தட்டி, "ஏம்ப்பா, ஒனக்கு மட்டுந்தான் கல்யாணமா? நாங்கள்லாம் வீட்டப் பாத்துப் போகட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்திருக்கிறார். அன்று முதல் ஒரு காதில்தான் மாட்டுவார், இன்னொரு காதை மண்டபத்துக்கு விட்டுவைப்பார். டிஜே வேலைக்கு வாங்குகிறவர்கள் கிண்ணம் பின்னால் திரும்புகிறதா, திருப்பித் திருப்பிக் கீல் உடையாமல் இருக்குமா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என்னுடையது சாம்பல் நிறம். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தின் பின்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கும், உள்ளே ஓடுகிற பாட்டு கொசு முனகுவது போல வெளியே கசியும். அதனால் பாடுகிறவர்களுக்கு அதைக் கொடுக்க முடியாது. கசிகிற தாளம் மைக்கில் ஏறி, குரலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு யார் வந்தாலும் பிரிக்க முடியாது. பாடும்போது தங்கபாண்டியின் மூடிய ஹெட்போன், பாடியதை மற்ற வாத்தியங்களோடு கலக்கும்போது என்னுடைய சாம்பல். அது எதையும் இனிக்க வைக்காது. மூச்சு இரைத்தால் இரைத்தது, சுருதி விலகினால் விலகியது, அவ்வளவுதான். முதல் மாதம் அதைக் கழற்றி வீசிவிடலாமா என்றுகூட இருந்தது. என் வேலை அவ்வளவு மோசமாகக் கேட்டது.

அதன் காதுறை உரிந்து கறுப்புப் பொடியாக உதிரும். வேலை முடிந்து கீழே போனால் உரக்கடைக்காரர் என் காதைப் பார்த்துச் சிரிப்பார். அதைச் சரிசெய்தது கோமதி. கம்பத்தில் தையல் கடை வைத்திருந்தார், மேடைக் கச்சேரிகளில் பாடுவார். ஒருநாள் பாட வந்தவர், "என்னண்ணே இது, கருவாடு மாதிரி உரியுது?" என்று எடுத்துப் போய், ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சிய பச்சைத் துணியில் அழகாக உறை தைத்துக்கொண்டு வந்துவிட்டார். உறை மாறினால் சத்தமும் மாறும், தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டு, காதைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

இனி ஸ்டுடியோவில் இருந்த ஒரு வழக்கத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கோயிலில் மரியாதை என்பது சின்ன விஷயம் இல்லை. யார் தலையில் முதலில் பரிவட்டம் கட்டுவது, யாருக்கு அடுத்தது என்பதில் வரிசை மாறினால் திருவிழாவே நின்றுபோகும். அந்த வரிசை எப்படியோ என் மாடிப்படி ஏறி ஸ்டுடியோவுக்குள்ளும் வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் விழாக் கமிட்டியார் பழத்தட்டோடு வேனில் வந்து இறங்குவார்கள். தலைவர் சுழல்நாற்காலியில் உட்காருவார். நான் இரண்டு கையாலும் ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்ட வேண்டும். ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும், தலைவர் கேட்குமுன் மற்றவர் கேட்பது முறையில்லை. அவர் கண்ணை மூடித் தலையாட்டுவார், ஒருவர் போட்டோ எடுப்பார். பிறகு துணைத்தலைவர், செயலாளர் என்று கோயில் வரிசைப்படி அது தலை தலையாகப் போகும். தலைவர் தலையாட்டாத பாட்டு மாடியை விட்டு இறங்காது.

பரிவட்டத்துக்கு யாராவது ரவிக்கைத் துணி ஒட்டிய சாம்பல் ஹெட்போனைத் தருவார்களா? தங்கபாண்டியின் வெள்ளிப் பூச்சுதான் அந்த வேலைக்கு. போட்டோவில் பிரமாதமாக விழும்.

அந்த வருடம் வந்த கமிட்டியின் தலைவர் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். நல்ல மனிதர், கோயிலுக்கு மனசாரச் செய்கிறவர். தனக்குக் காது நுட்பம் என்று நம்பியது ஒன்றுதான் அவரிடம் இருந்த கோளாறு. பாடியிருந்தது கோமதி. அப்போதுதான் அவர் பாடிக்கொண்டிருந்த கச்சேரிக் குழு கலைந்திருந்தது. வீட்டில் பாதிச் செலவு மேடையில் பாடித்தான் ஓடியது. இந்த சிடி வெளியே வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் அவரைத் தனியாகவே கூப்பிடுவார்கள். குரல் சரியில்லை என்று கழித்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பினால் கூடலூர் முதல் தேவதானப்பட்டி வரை எந்த மேடையும் கிடைக்காது. அதெல்லாம் தெரிந்துதான் அன்று தையல் கடையைச் சாத்திவிட்டு வந்து, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தலைவருக்கு வெள்ளிப் பூச்சை மாட்டினேன். கேட்டார். தலை ஆடவில்லை. புருவம் ஏறியது.

"என்னய்யா, உறுமியும் தவிலும் நல்லா கும்முனு இருக்கு. இந்தப் புள்ள கொரலு மட்டும் கெணத்துக்குள்ள கெடந்து பாடுற மாதிரில்ல கேக்குது?"

துணைத்தலைவர் வாங்கி மாட்டினார். தலைவர் சொன்ன கிணறு அவருக்கும் கேட்டது. செயலாளருக்குக் கிணறு இன்னும் ஆழமாகவே கேட்டது.

"மதுரையில ஒரு பாடகி இருக்காக. என் சகலைக்குத் தெரிஞ்சவுக. அவுகள வரச்சொல்லிப் பாட வச்சிருவோம்" என்றார் தலைவர். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "ஆத்தா, தப்பா நெனச்சுக்காத. சாமி காரியம், பாத்தியா" என்றார்.

கோமதி வாய் நீளமானவர். ஆர்மோனியம் சுருதி விலகினால் வாசிப்பவர் யாரென்று பார்க்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அன்று அவர் தலைவர் பக்கமே திரும்பவில்லை. என்னை மட்டும் பார்த்து, "நான் சரியாத்தானேண்ணே பாடுனேன்?" என்று கேட்டார். 

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தலைவர் பொய் சொல்லவில்லை. அந்த ஹெட்போனில் அடித்தொனி எழும்பிக் குரலை மூடியது உண்மை. அவர் காதுக்குத் தக்கபடி நான் குரலை ஏற்றிவிட்டிருந்தால் அங்கேயே தலையாட்டியிருப்பார். ஆனால் அந்தப் பாட்டு ஓடப்போவது தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். குழாயில் அடித்தொனி என்று ஒன்று வரவே வராது. ஏற்றிய குரல் அங்கே கிறீச்சிட்டு ஊரைக் கிழிக்கும், "யாருய்யா இந்தக் கத்து கத்துறது?" என்று கோமதி பேர்தான் கெடும். தலைவரை எதிர்த்தாலும் கோமதிக்குக் கேடு, தலைவர் காதுக்குத் தக்கபடி செய்தாலும் கோமதிக்குக் கேடு. மிச்சம் இருந்தது உண்மையைச் சொல்வது. "தலைவரே, உங்கள் தலையில் இருப்பது இந்த வேலைக்கான ஹெட்போன் இல்லை, இந்த ரவிக்கைத் துணியை மாட்டிக் கேளுங்கள்" என்று கமிட்டி முன்னால், கேமரா முன்னால் சொல்வது. பரிவட்டத்தை அவிழ்த்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்வதும் அதுவும் ஒன்று.

அந்த மூன்றையும் நான் செய்யவில்லை. ஆணியில் தொங்கிய சாம்பல் ஹெட்போனை எடுத்து, ஒரு டவலில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினேன். மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி.

"அது என்னதுய்யா?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல தலைவரே. அது நான் மட்டும் கேக்குறது. வெளியாளுக்குக் குடுக்குற வழக்கம் இல்ல."

"வெளியாளா? நானா?"

"அய்யோ, ஒங்களச் சொல்வேனா? பக்கத்தூர்த் தலைவர் போன வருசம் கேட்டாக. அவுகளுக்கே குடுக்கல. அதான் எதுக்கு வம்புன்னு பாத்தேன்."

பக்கத்தூர்த் தலைவர் கேட்கவே இல்லை. அந்தக் கோலத்தில் இருந்த ஹெட்போனை யார் கேட்பார்கள்? ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் வாய்க்கால் தண்ணீரில் தொடங்கி வாணவேடிக்கை வரை போட்டி உண்டு என்பது எனக்குத் தெரியும்.

"ஏலே, அவனுக்குக் குடுக்காதது எனக்குமா கெடையாது? எடுய்யா வெளிய!"

எடுத்தேன். இரண்டு கையாலும் மாட்டினேன். பச்சை ரவிக்கைத் துணி அவர் மீசைக்கு ஒத்துப்போனது என்று சொல்ல மாட்டேன். பாட்டைப் போட்டேன், முன்பு போட்ட அதே பாட்டு, ஒரு இழை மாற்றாமல். அறையில் கொசு முனகல் கேட்டது. தலைவர் கண்ணை மூடினார். இரண்டாவது வரியில் மூடிய கண்ணில் ஈரம் கசிந்தது. அதை இன்றைக்கும் நான் கேலி செய்ய மாட்டேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

"அடேயப்பா! இப்பத்தான்யா அந்தப் புள்ள வெளிய வந்து பாடுது. ஆத்தாளே எதுக்க நிக்கிற மாதிரில்ல இருக்கு. மதுரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

துணைத்தலைவருக்கும் ஆத்தா எதிரே நின்றாள். செயலாளருக்கு இன்னும் பக்கத்தில் நின்றாள். தங்கபாண்டி மட்டும் தன் வெள்ளிப் பூச்சை ஓரங்கட்டிவிட்டார்களே என்று அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திருவிழாவில் குழாயில் அந்தப் பாட்டு திருத்தமாகக் கேட்டது. தலைவர் மேடையேறி, "இந்தப் புள்ளையக் கண்டுபிடிச்சதே என் காதுதான்" என்று பேசினார். கோமதி கீழே நின்று கைதட்டினார். அந்த வருடம் அவருக்குக் குமுளி வரைக்கும் மேடைகள் வந்தன. எனக்கு மனம் நிறைந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் ரொம்பக் கெட்டிக்காரன். ஆனால் நான் சொன்ன ஒரு பொய் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் நின்றது. அடுத்து வந்த கமிட்டிகள் வேனை விட்டு இறங்கும்போதே, "அந்தப் பச்சைத்துணி ஹெட்போன் இருக்குல்ல?" என்று கேட்க ஆரம்பித்தன. வெள்ளிப் பூச்சை நீட்டினால், "நாங்கன்னா எளக்காரமா?" என்று முகம் சுளித்தார்கள். ஒரு ஊர்க்காரர்கள் பச்சைத்துணிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள், கோமதி வேறு பச்சை உறை தைத்துத் தர வேண்டியதாயிற்று. உள்ளதை உள்ளபடி சொல்கிற ஹெட்போனை நான் கௌரவமாக்கிவிட்டேன். கௌரவமான பிறகு அதில் யார் உள்ளதைக் கேட்கப் போகிறார்கள்?

மறுவருடம் அதே வாழைக்காய் மண்டித் தலைவர், அதே கமிட்டி, அதே கோமதி. மாலையே இல்லாத குறையாக உட்கார்ந்தார். ஸ்பீக்கரை அணைத்தேன். பச்சைத்துணியை மாட்டினேன். பாட்டைத் தட்டினேன். கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் ஏறி இறங்கின. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார், தலை அழகாக ஆடியது, விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது. போட்டோ எடுத்தார்கள்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அந்த ஹெட்போன் கசியும் என்றேன் அல்லவா? அறையில் முனகலே இல்லை. கீழே பார்த்தேன். நாற்காலியைச் சுழற்றியதில் சக்கரம் வயரை இழுத்து, பிளக் கழன்று தரையில் கிடந்தது.

"பிரமாதம்யா. போன வருசத்த விட ஒருபடி மேல" என்றார் தலைவர்.

துணைத்தலைவர் மாட்டினார். "கொரல்ல ஒரு கனிவு வந்துருச்சு தலைவரே." செயலாளருக்கு உடுக்கைச் சத்தம் ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பாட்டில் உடுக்கையே கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூன்று பெரிய மனிதர்கள் என் மாடியில் ஒரே நேரத்தில் மானம் இழப்பார்கள், அதற்கப்புறம் பாட்டு எங்கே வெளியே போகும்? வேன் கிளம்பட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அப்போதுதான் தலைவருக்குப் பெருந்தன்மை பொங்கியது. "நம்ம கண்டுபிடிச்ச புள்ள. ஆத்தா, நீயும் கேளு" என்று தன் கையாலேயே ஹெட்போனைக் கோமதியிடம் நீட்டினார்.

கோமதியைத்தான் தெரியுமே. யார் முகத்துக்கும் நேரே பேசுகிறவர். "ஒண்ணுமே கேக்கலயே" என்று இயல்பாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன வருடம் கிடைத்த மேடையெல்லாம் இந்த வருடமே போய்விடும். தன்னை ஊர் முன்னால் செவிடாக்கிய பெண்ணுக்கு எந்தத் தலைவர் மைக் கொடுப்பார்?

கோமதி தான் தைத்த துணியைத் தன் காதில் அன்றுதான் முதல்முறையாக மாட்டினார். ஒரு கணம் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கண் வயரோடு ஓடிக் கீழே போனது. பிளக்கைப் பார்த்தது. மேலே வந்து என்னைப் பார்த்தது. அடுத்து வரிசையாகத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகத் தலையாட்டினார். ஒரு வரி பாடுகிற நேரம் முழுக்க ஆட்டிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் தலைவரிடம் கொடுத்தார்.

"நல்லா வந்துருக்குய்யா" என்றார்.

பழத்தட்டை வைத்துவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். வேன் சத்தம் தேய்ந்தது. அப்புறம் கோமதி குனிந்து பிளக்கை எடுத்து, சேலையில் துடைத்து, அவரே சொருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டார். தலை ஆடவே இல்லை.

"ரெண்டாவது சரணத்துல ஒரு எடம் எறங்கிருச்சுண்ணே. மைக்கப் போடுங்க, மறுபடி பாடிருவோம்."

"தலைவர் நல்லாருக்குன்னுட்டாகளே?" என்றேன்.

"அவுக கேட்டதுல ஒரு தப்பும் இல்லயேண்ணே" என்றார் கோமதி, வெள்ளிப் பூச்சை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டே.

நான் மைக்கைப் போட்டேன்.